நோயாளரே ஆசானாயினர்

ஒரு வீட்டிலே ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அயலவர் வந்து நலம் விசாரிப்பர். கால் முறிந்தது என்றால் உறவினர் பழமும் கையுமாக வந்து சேர்வர். வலிப்பு என்றால் மட்டும் அவ்வீட்டின் கதவு சாத்தப்படுகின்றது. அயலவர் அறிந்துவிடுவரோ என்னும் அச்சம் ஒருபுறம். பெண்பிள்ளையாயின் அவளின் திருமணம் தடைப்படுமோ என்னும் ஏக்கம் மறுபுறம். நோயினால் வரும் துன்பத்தினும் நோயை மறைப்பதனால் வரும் துன்பம் பெரிதாகிவிடுகின்றது. நம்மவரிடையே மட்டுமன்று, உலகின் எல்லா நாடுகளிலும் நெடுங்காலம் இதுவே வழக்கமாயிருந்தது.

ஆனால், இவ்வாறு மறைத்து வைக்கப்பட்ட இந்நோயாளர்களே மனித மூளையின் இரகசியங்கள் பலவற்றை உலகுக்குத் திறந்து காட்டினர் என்பதை நம்மிற் பலர் அறியார். அவர்கள் சொன்னதைக் கேட்டெழுதிய ஒரு வைத்தியரின் வாழ்க்கையை இவ்வாரம் வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம். அவர் பெயர் வைல்டர் பென்பீல்ட். அமெரிக்காவிற் பிறந்து கனடாவைத் தம் நாடாக்கிக்கொண்டவர்.

முதலில் நோயைப்பற்றிச் சிறிது கூறுவோம். காக்கைவலி என்றும் முயலகன் என்றும் நம் முன்னோர் இதற்குப் பெயரிட்டனர். ஆடல்வல்லானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகனின் பெயரே இந்நோய்க்கும் ஆயிற்று. கொல்லிமழவனின் மகளுக்குற்ற முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்திலே பதிகம் பாடித் தீர்த்த வரலாற்றைப் பெரியபுராணம் கற்றோர் அறிவர். கிரேக்கரோ இதனைத் தெய்வநோய் என அழைத்தனர். அங்கே ஹிப்போகிரட்டீசின் வழிவந்த வைத்தியர் ஒருவர், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே, பிற நோய்களைப் போல இதற்கும் இயற்கையான காரணம் உண்டு, அக்காரணம் மூளையிலேயே உள்ளது என்று துணிந்து எழுதிவைத்தார். அவர் கூற்று மெய்யென்று நிலைநாட்டப்பட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், சில நோயாளரிடத்து வலிப்பு ஒரு விரலிலே தொடங்கிக் கைக்கும் முகத்துக்கும் ஓர் ஒழுங்கோடு பரவுவதை உற்று நோக்கினார். உடலிலே காணப்படும் இவ்வொழுங்கு மூளையிலுள்ள ஓர் ஒழுங்கின் நிழலாகவே இருத்தல் வேண்டும் என அவர் ஊகித்தார். மூளையின் நரம்புக் கலங்கள் நுண்ணிய மின்சாரத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்வன. சந்தையிலே ஆயிரம் பேர் பேசினும் அவரவர் கருமம் நடைபெறுகின்றது. அந்த ஆயிரம் பேரும் ஒரே சொல்லை ஒரே தாளத்திற் கூவத் தொடங்கினால் எவர் கருமமும் நடவாது. வலிப்பு என்பது அத்தகைய கூக்குரலே. கூக்குரல் மூளையின் எந்தப் பகுதியில் எழுகின்றதோ அந்தப் பகுதியின் தொழில் முதலிற் குழம்புகின்றது.

பென்பீல்ட் 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரிற் பிறந்தார். தந்தையும் வைத்தியரே, எனினும் அவர் தொழில் நொடித்துப்போயிற்று. தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்த தம் பெற்றோரிடம் சென்றார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் கற்பதற்கு உதவும் றோட்ஸ் புலமைப்பரிசிலைப்பற்றி அத்தாயார் கேள்வியுற்றபோது மகனுக்கு வயது 13. அதனைப் பெறுவதற்கு இவனை ஆளாக்குவேன் என்று அவர் உறுதிபூண்டார். பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் பட்டம்பெற்ற பின், 1915ஆம் ஆண்டில் அப்பரிசிலோடு பென்பீல்ட் ஒக்ஸ்போர்ட்டை அடைந்தார்.

அங்கே நரம்பியல் அறிஞர் சேர் சார்ல்ஸ் ஷெரிங்டன் அவருக்கு ஆசானாக வாய்த்தார். நரம்பு மண்டலம் எவரும் கால்வைக்காத ஒரு பெருநிலம் என்னும் உணர்வை அவரிடமே பென்பீல்ட் பெற்றார். அது முதலாம் உலகப் போர்க்காலம். 1916ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பென்பீல்ட் பயணஞ்செய்த சசெக்ஸ் என்னும் கப்பலை ஆங்கிலக் கால்வாயில் ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கிற்று. படுகாயமுற்றுத் தப்பிய அவ்விளைஞரைப் புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியர் சேர் வில்லியம் ஒஸ்லர் தம் இல்லத்தில் வைத்துத் தேற்றினார்.

1918ஆம் ஆண்டிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்ற பென்பீல்ட் பின்னர் நியூயோர்க்கில் மூளைச் சத்திரவைத்தியரானார். ஒரு வினா அவரை விடாது பற்றியது. தலையிலே காயமுற்றவர்கள் சிலருக்குக் காயம் ஆறிப் பல ஆண்டுகள் சென்றபின் வலிப்பு வருவது ஏன்? மூளையின் தழும்பை ஆராய்ந்தாலன்றி விடை கிடையாது எனக் கண்டார். தழும்பின் நுண்ணிய கலங்களைத் தெளிவாகக் காட்டும் வெள்ளிச் சாயமுறையை ஸ்பானிய அறிஞர் டெல் றியோ ஒர்த்தேகா கையாள்கின்றார் என அறிந்து, 1924ஆம் ஆண்டிலே மட்ரிட் நகருக்குச் சென்று அவரிடம் பயின்றார். 1928ஆம் ஆண்டிலே, அன்று ஜேர்மனியைச் சேர்ந்திருந்ததும் இன்று போலந்தைச் சேர்ந்ததுமான பிறெஸ்லோ நகருக்குச் சென்று ஒட்பிறிட் பொயர்ஸ்டர் என்பவரிடம் அமர்ந்தார். போரிலே தலைக்காயமுற்று வலிப்புக்கு ஆளான படைவீரர்களின் மூளைத் தழும்பைப் பொயர்ஸ்டர் வெட்டி அகற்றி வந்தார். அப்பொழுது பென்பீல்டுக்கு வயது 37, மனைவி மக்களோடு கூடிய குடும்பத்தவர், கைதேர்ந்த வைத்தியர். எனினும் ஒரு வினாவின் பொருட்டு மீண்டும் மாணாக்கராயினர். நம் இளைஞர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அவ்வாண்டின் இறுதியில், கனடாவின் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திற் பணியேற்ற சில மாதங்களுள், அவர் வாழ்வின் கொடிய சோதனை வந்தது. அவருடைய ஒரே சகோதரி ரூத், ஆறு பிள்ளைகளின் தாய், வயது 43. இளமை தொட்டே வலிப்பினால் வருந்தியவர். தம்பியை நாடி வந்த அவரைச் சோதித்தபோது மூளையின் வலப்புற முன்பகுதியிலே பெருங்கட்டி ஒன்றிருப்பது தெரிந்தது. தம் குடும்பத்தவருக்குத் தாமே சத்திரசிகிச்சை செய்தல் வைத்தியர் வழக்கமன்று. வேறு துணைவழி காணாத நிலையில் பென்பீல்டே கத்தியை எடுத்தார். ரூத் விழித்திருக்கவே சிகிச்சை நடைபெற்றது. மூளையின் முன்பகுதியிற் பெரும்பங்கை அகற்றியும் கட்டியின் வேர் முழுவதையும் எடுக்க இயலவில்லை.

ரூத் எழுந்தார்; வீடு திரும்பினார்; பிள்ளைகளை முன்போல நேசித்தார். அறிவிலோ பேச்சிலோ பெரிய குறை காணப்படவில்லை. ஆயினும் ஒரு நாள் நிகழ்ந்ததைக் கேளுங்கள். சிகிச்சை முடிந்து ஏறக்குறைய 15 மாதங்களின் பின், ஒரு விருந்தினருக்கும் வீட்டார் நால்வருக்கும் எளிய இராச்சாப்பாடு ஒன்று சமைக்க அவர் விரும்பினார். பகல் முழுவதும் அதற்கென இருந்தது. உணவு வேளையிலே பார்த்தபோது பண்டங்கள் யாவும் சமையலறையில் இருந்தன. ஒன்றிரண்டு அடுப்பிலும் இருந்தன. ஆனால் இறைச்சி தொடங்கப்படவே இல்லை. தனியே நெடுநேரம் முயன்று களைத்துக் குழம்பிய நிலையில் அவர் நின்றார். ஒவ்வொரு வேலையையும் செய்ய அவருக்குத் தெரியும். எதனை முதலிற் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது என்று கோவைப்படுத்தும் ஆற்றலே அவரை விட்டு நீங்கியிருந்தது. வீட்டுப் பெண்கள் நாள்தோறும் எவ்வித ஆரவாரமுமின்றிச் செய்யும் அச்செயல் மூளையின் எத்துணை உயர்ந்த தொழில் என்பதை உலகம் அன்று கற்றது. பென்பீல்ட் 1935ஆம் ஆண்டிலே, நோயாளர் இன்னார் என்று கூறாது, இதனை ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றிற் பதிவு செய்தார். ரூத் 1931ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

தனியொரு வைத்தியரால் இந்நோயை வெல்ல இயலாது என்பதை அத்துயரம் அவருக்கு உணர்த்திற்று. சத்திரவைத்தியர், நரம்பு வைத்தியர், உடற்றொழிலியல் அறிஞர், உளவியல் அறிஞர் யாவரும் நோயாளரின் கட்டிலைச் சூழ்ந்து ஒரே கூரையின் கீழ்த் தொழில்புரிதல் வேண்டும் என்று எண்ணினார். றொக்பெல்லர் மன்றம் 12 இலட்சம் டொலருக்கு மேல் வழங்க, 1934ஆம் ஆண்டிலே மொன்றியல் நரம்பியல் நிலையம் திறக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு வரை பென்பீல்ட் அதன் தலைவராக விளங்கினார். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையை ஜேர்மனியின் ஹான்ஸ் பேர்கர் 1929ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். அக்கலையில் வல்லவரான ஹேர்பர்ட் ஜாஸ்பர், 1930களின் பிற்பகுதியிலே மொன்றியல் வந்து சேர்ந்தார். வலிப்பு எந்த இடத்தில் எழுகின்றது என்பதைத் தலையோட்டைத் திறக்குமுன்னரே ஊகிக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

இனி, அவர் கைக்கொண்ட சிகிச்சை முறையைக் காண்போம். மூளை வலியுணராத உறுப்பு. தலைத்தோலை மரக்கச் செய்துவிட்டால், நோயாளர் விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கவே மூளையைத் திறக்கலாம். பென்பீல்ட் மெல்லிய மின்வாய் ஒன்றால் மூளையின் மேற்பரப்பை ஒவ்வோரிடமாகத் தொடுவார். ஓரிடத்தைத் தொட்டால் பெருவிரல் அசையும். வேறோரிடத்தைத் தொட்டால் நாவிலே கூச்சம் தோன்றும். இன்னோரிடத்தைத் தொட்டால் கண்முன் ஒளி மின்னும். பிறிதோரிடத்தில் நோயாளர் தேடும் சொல் வாயில் வாராது நின்றுவிடும். நோயாளர் சொல்வதை உடனுக்குடன் எழுதிக்கொள்வர். தொட்ட இடத்திலே இலக்கமிட்ட சிறு கடதாசித் துண்டு வைக்கப்படும். நோயாளருக்கு வழக்கமாக வலிப்பின் முன் தோன்றும் அறிகுறி, எடுத்துக்காட்டாகக் கருகல் மணமோ வயிற்றிலெழும் ஒரு கலக்கமோ, எந்த இடத்தைத் தொடும்போது எழுகின்றதோ அங்கேயே நோயின் மூலம் இருத்தல் கூடும். பேச்சுக்குரிய இடத்தையும் கைக்குரிய இடத்தையும் காத்து, நோயுற்ற பகுதியை மட்டும் அகற்றுவதே நோக்கம். நோயாளர் வாய்திறந்து வழிகாட்டினாலன்றி வைத்தியரின் கத்தி வழியறியாது.

இவ்வாறு 163 நோயாளரிடமிருந்து திரட்டிய செய்திகளை 1937ஆம் ஆண்டிலே பென்பீல்டும் எட்வின் போல்ட்றேயும் வெளியிட்டனர். உடலின் உறுப்புகள் யாவும் மூளையின் மேற்பரப்பில் வரிசையாக இடம்பெற்றிருப்பது தெளிவாயிற்று. கால் உச்சியிலும், கை நடுவிலும், முகமும் நாவும் கீழேயும் உள்ளன. இடப்பக்கத்து உடலை மூளையின் வலப்பக்கமும் வலப்பக்கத்து உடலை இடப்பக்கமும் ஆளுகின்றன. பரந்த முதுகுக்குக் கிடைத்த இடமோ சிறிது. விரல்களுக்கும் உதடுகளுக்கும் கிடைத்த இடமோ மிகப் பெரிது. நுண்ணிய தொழில் எங்கே உண்டோ அங்கே மூளை தாராளமாக இடமளிக்கின்றது. அவ்வளவுக்கேற்ப ஓவியர் வரைந்த, பெருங்கையும் தடித்த உதடும் கொண்ட விந்தை மனிதனின் உருவத்தை வைத்திய மாணாக்கர் இன்றும் பாடநூல்களிற் காண்கின்றனர். அண்மைக்கால ஆராய்ச்சிகள் அவ்வரைபடத்தைச் சில இடங்களில் திருத்தியுள்ளன, அடிப்படை மாறவில்லை.

காதை அடுத்துள்ள பக்கப்பகுதியைத் தொட்டபோது சிலரிடத்தில் வியப்பான நிகழ்ச்சிகள் தோன்றின. தென்னாபிரிக்க இளைஞர் ஒருவர், மொன்றியலிற் சத்திரசிகிச்சை மேசையிற் கிடப்பதை நன்கு அறிந்தவாறே, தம் நாட்டுப் பண்ணையிலே உறவுப்பிள்ளைகளோடு சிரித்து மகிழ்வதாகவும் உணர்ந்தார். வாழ்வில் நிகழ்ந்தவை யாவும் மூளையிலே அழியாது பதிந்துள்ளன என்று பென்பீல்ட் இதனால் முடிவு கட்டினார். இம்முடிவைப் பின்வந்த அறிஞர் ஏற்கவில்லை. 1963ஆம் ஆண்டிலே அவரும் பனோர் பெறோவும் எழுதிய கட்டுரையின்படி, 1,132 நோயாளருள் 520 பேருக்குப் பக்கப்பகுதி ஆராயப்பட்டது; அவர்களுள்ளும் 40 பேரிடமே இத்தகைய காட்சிகள் எழுந்தன. அக்காட்சிகளுட் சில கனவு போன்றவை. நினைவு என்பது இசைத்தட்டன்று. நினைக்குந்தோறும் மூளை அதனைப் புதிதாகக் கட்டுகின்றது என்பதே இன்றைய அறிஞரின் கருத்து. எனினும் அவர் தம் எண்ணிக்கைகளை மறையாது வெளியிட்டமையாலன்றோ பிறர் அவரை மறுக்க முடிந்தது?

மேலும் ஒரு கசப்பான பாடமும் உண்டு. மூளையின் இடப்பக்கத்திற் சிகிச்சை பெற்ற பொறியியலாளர் ஒருவரும் கையுறை வெட்டும் தொழிலாளி ஒருவரும், அறிவு குன்றாதிருந்தும், புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் வைக்கும் ஆற்றலை இழந்தனர். உளவியல் அறிஞர் பிறெண்டா மில்னர் அவர்களைப் பொறுமையோடு ஆராய்ந்தார். மூளையின் உட்புறத்திற் கடற்குதிரை வடிவில் இருப்பதால் ஹிப்போகம்பஸ் எனப் பெயர்பெற்ற உறுப்பு மறுபக்கத்திலும் முன்னரே பழுதுபட்டிருத்தல் வேண்டும் என்று அவரும் பென்பீல்டும் ஊகித்தனர். அப்பொறியியலாளர் பின்னர் வேறு நோயால் இறந்தபோது மூளையை ஆராய்ந்ததில் அவ்வூகம் மெய்யாயிற்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் ஸ்கொவில் என்னும் சத்திரவைத்தியர் ஹென்றி மொலெய்சன் என்னும் இளைஞரின் வலிப்பைத் தீர்க்க அவ்வுறுப்பின் பெரும்பங்கை இரு பக்கத்தும் அகற்றியிருந்தார். அவ்விளைஞரும் 2008ஆம் ஆண்டில் இறக்கும்வரை புதிய நினைவு பெறாதே வாழ்ந்தார். மில்னர் அவரையும் ஆராய்ந்து 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால், நினைவு பிறக்கும் இடத்தை உலகம் அறிந்தது. அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர் நோயாளரே. அதன்பின் மூளையின் ஒரு பக்கத்தைச் சில நிமிடங்கள் மட்டும் உறங்கச் செய்து, மறுபக்கம் பேச்சையும் நினைவையும் தாங்குமா என்று முன்கூட்டியே சோதிக்கும் முறை மொன்றியலில் வழக்கிற்கு வந்தது. பிறருக்கு அத்தீங்கு நேராதிருக்க அது காவலாயிற்று.

பென்பீல்டின் நெஞ்சை இறுதிவரை தொட்ட செய்தி ஒன்றுண்டு. மின்வாயால் தொட்டு நோயாளரின் கையை அசைத்துவிட்டு அதுபற்றி வினவினால், அதனைச் செய்தவர் தாமல்லர், வைத்தியரே என்று அவர்கள் விடையளித்தனர். கையை அசைக்க முடிந்தது. அசைக்க வேண்டும் என்னும் எண்ணத்தை உண்டாக்க முடியவில்லை. மூளை வேறு, மனம் வேறோ என்று 1975ஆம் ஆண்டில் வெளியான நூலிலே அவர் ஐயுற்று எழுதினார். நரம்பியல் அறிஞர் பலர் அதற்கு உடன்படார். அடுத்த ஆண்டிலே, 85ஆம் வயதில், அவர் மறைந்தார். அவர் எழுதிவைத்த தன்வரலாறு, தனித்தியங்கும் மனிதன் எவனுமில்லை என்னும் பொருள்படும் தலைப்போடு 1977ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இன்றைய நிலையென்ன? உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், ஏற்ற சிகிச்சை கிடைப்பின் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பெரும்பாலோர்க்கு மருந்தே போதும். மருந்துக்கு அடங்காதவருட் சிலருக்குச் சத்திரசிகிச்சை பயன்தரும். கனடாவின் ஒன்றாறியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரத்தில் 80 நோயாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். மூளையின் பக்கப்பகுதியில் எழும் வலிப்பு உடையோர் அவர்கள். ஓராண்டின் பின், சத்திரசிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 58 பேர் விகிதம் உணர்விழக்கச் செய்யும் வலிப்பினின்று விடுபட்டிருந்தனர். மருந்து மட்டும் பெற்ற பிரிவில் அது நூற்றுக்கு 8 ஆகவே இருந்தது.

வலிப்பு கண்ட ஒருவரின் கையிலே இரும்பையும் திறப்பையும் திணிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். இரும்பு அவ்வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களிலே தானே அடங்குவது. செய்யத்தக்கவை எளியன. அருகிலுள்ள கடும்பொருள்களை அகற்றுக; தலையின் கீழ் மெத்தென்ற ஒன்றை வைக்க; கழுத்தருகே உடையைத் தளர்த்துக; உடலை ஒருபக்கமாகச் சாய்த்துவிடுக. வாயினுள் எதனையும் இடற்க; கைகால்களை அமுக்கிப் பிடியற்க; தெளியுமுன் நீர் பருக்கற்க. வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது தெளியுமுன் மீண்டும் வந்தால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வைத்தியர் கொடுத்த மருந்தை, வலிப்பு நின்றுவிட்டதென்று எண்ணி, அவரைக் கேளாது நிறுத்தலாகாது.

இவை யாவற்றுக்கும் முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. சாத்திய கதவைத் திறத்தல் வேண்டும். வைத்தியரிடம் செல்லாத நோய்க்கு வைத்தியம் இல்லை. வகுப்பிலே வலிப்பு கண்ட மாணவன் மறுநாள் பள்ளிக்கு வரும்போது, அவனருகே முன்போல அமரும் தோழன் ஒருவன் அவனுக்கு வேண்டும். மூளையைத் திறந்துவைத்து விழித்துக் கிடந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர், தாம் உணர்ந்ததை ஒளியாது உரைத்தனர். நாம் இன்று மூளையைப்பற்றி அறிந்தவற்றுட் பல அவர்கள் அளித்த கொடை. அத்தகையோரின் நோயை உடையவர் நம் இல்லத்திலோ அயலிலோ இருப்பின், அவரைக் குறித்து நாணுவதற்கு நமக்கு யாதொரு காரணமும் இல்லை.